வழி மூடாத குளிர்காலம்

அடைஞ்சு கெடந்தது போதும் என்றார் என் வீட்டுக்காரர், அதுவும் ஊர்ப் பெரியவர்களை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஆறு மாசம் உன்கூட அடைஞ்சு கெடந்தது போதும்டி என்று... அந்த ‘டி’ பரவாயில்லை, கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற ‘டி’தான், அந்த அடைஞ்சு கெடந்ததுதான் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு வேறெங்கும் போகமாட்டேன் என்கிறது. ஜீப்பாவது நகர்கிறதா, அதுவும் இல்லை. எதிரே சுரங்கத்தின் வாய், உள்ளே மஞ்சள் விளக்குகள், இந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டியபடி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், அந்தப் பக்கத்திலிருந்து ராணுவ லாரிகள் வந்துகொண்டே இருக்கின்றன, தார்ப்பாய் மூடிய லாரி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய லாரி, இரும்புக் குழாய் ஏற்றிய லாரி... வடக்கே இன்னொரு மலையையும் குடைகிறார்களாம், பனிக்காலத்திலும் எல்லை வரைக்கும் பட்டாளம் நிற்காமல் போக வேண்டுமாம், போகட்டும், நன்றாகப் போகட்டும், எல்லோருக்கும் நிற்காமல் போகத்தான் வேண்டியிருக்கிறது, என் வீட்டு மனுஷனுக்கும் அதே வியாதிதான். முன் சீட்டில் என் அண்ணன் தோப்தன் பையிலிருந்து வறுத்த பார்லியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “இதென்னடா இது, அனுமார் வாலு மாதிரி நீண்டுக்கிட்டே போகுது. இருட்டறதுக்குள்ள திரும்பணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்கிறார். தங்கச்சி கல்யாணத்தை அறுத்துவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், இரண்டும் இன்றைய வேலை, அவருக்கு ஒன்றும் வித்தியாசமில்லை.

“நூலு ஒத்தை இழைதானே பல்சோமு? முறுக்கு நூலைக் கொண்டாந்து தொலைச்சிருக்கப் போறே, அப்புறம் நூலு அறாது, விரலுதான் அறும்” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்கிறார். ஒற்றை இழைதான் அண்ணே, என் கையால் நூற்றதுதான், யார் வாயிலிருந்து பேச்சு முதலில் வந்ததோ அவர்கள்தானே நூல் கொண்டுபோக வேண்டும், என் வாயிலிருந்துதானே வந்தது, எனக்குத் தெரியாதா. இடுப்புக் கச்சையில் சுருட்டிச் செருகியிருக்கிறேன், கை சும்மா இருக்காமல் அடிக்கடி அங்கே போய்த் தொட்டுப் பார்க்கிறது, விழுந்துவிட்டதா என்று பார்க்கிறதா, விழுந்திருந்தால் தேவலை என்று பார்க்கிறதா... அவர் சுண்டுவிரலில் ஒரு நுனி, என் சுண்டுவிரலில் ஒரு நுனி, அவர் பக்கம் ஒரு ஆள், என் பக்கம் ஒரு ஆள், இழு என்றால் இழுக்க வேண்டும், அறுந்துவிட்டால் இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்று சொல்லிவிட்டு அவரவர் வழி, எங்கள் லாஹுல் மலைப்பக்கத்தில் கோர்ட்டு வக்கீல் எல்லாம் இவ்வளவுதான். லேசான காரியம். லேசாக இருப்பதால்தான் பயமாக இருக்கிறது... பயமா? எனக்கென்ன பயம், நான் என்ன திருடினேனா, கேட்கக் கூடாததைக் கேட்டேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன், வேறு ஒருத்தியாக இருந்தால் கையிலிருந்த சட்டியை அந்த இடத்திலேயே வீசியிருப்பாள்.

பின்னே என்ன, சாமிகள் எல்லாம் மேலுலகம் போயிருக்கிற நாட்கள், பசுவின் கழுத்து மணிக்குள்கூடத் துணியை அடைத்து வைத்திருக்கிறோம், டி.வி. கிடையாது, உரக்கச் சிரிப்பு கிடையாது, வெளியாள் யாரும் ஊருக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று சாலையோரம் பலகை நட்டாயிற்று, அப்போது பார்த்து இந்த மனுஷன் தன் டாக்சி நிறைய ஊர் சுற்ற வந்த ஆட்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, பாட்டை அலறவிட்டு, ஊர் நடுவிலே கொண்டுவந்து நிறுத்துகிறார். ஒருத்தி வாடகைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் விழுந்து புரண்டு கூச்சல் போடுகிறாள், ஒருத்தன் பறக்கிற கேமராவை மேலே ஏற்றிவிட்டான், அது வண்டு மாதிரி இரைந்துகொண்டு கோயில் கூரையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, கிழடுகள் எல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டன, எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. மறுநாள் பெரியவர்கள் வந்தார்கள். பாவம், அபராதம் கிபராதம் என்று ஒன்றும் கேட்கவில்லை, சாமி திரும்பி வந்ததும் கோயில் வாசற்படியில் மூக்கு படக் குனிந்து ஒரு கும்பிடு போட்டுடு ஆங்ரூப், அதோட விட்டுடறோம் என்றார்கள். போட்டால் என்ன? குனிந்தால் முதுகு ஒடிந்துவிடுமா? “வழி இல்லாத காலத்துல வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தோம், அதுக்கு சாமி பேரை வெச்சுக்கிட்டோம், இப்பத்தான் வழி வந்துருச்சே” என்கிறார் இவர். “வழி வந்தா கூடவே வாய்க்கொழுப்பும் வரணுமா?” என்று உள்ளேயிருந்து நான் கேட்டேன், அவ்வளவுதான் கேட்டேன், அதற்குத்தான் திரும்பிப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டியைக் கீழே வைத்தேன், அப்படின்னா நூலை அறுத்துடலாம் என்றேன், சத்தமாக, சத்தம் கூடாத நாளில். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார், சுரங்கத்துக்கு அந்தப் பக்கம், குல்லுவில் அவருடைய மாமன் நவாங்கின் ஆப்பிள் தோட்டத்து வீட்டுக்கு. போகும்போது கதவை ஓங்கிச் சாத்தக்கூட இல்லை, சாத்தியிருந்தாலாவது மனசுக்கு ஒரு மாதிரி ஆறுதலாக இருந்திருக்கும்.

முன்பு என்றால் இது இத்தனை தூரம் வந்திருக்குமா? ரோத்தாங் கணவாய் ஒரு தடவை மூடிக்கொண்டால் இந்தப் பக்கம் இருந்தவன் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இருந்தவன் அந்தப் பக்கம், பனி உருகுகிற வரைக்கும் யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து வீட்டு யாங்சோம் அப்படித்தான் ஒரு ஐப்பசியில் நூல் பேச்சை எடுத்தாள், புருஷன்காரன் விறைத்துக்கொண்டு மணாலிக்கு இறங்கிப் போனான், அன்றைக்கே பனி கொட்டித் தீர்த்தது, போன் கிடையாது, ஆள் அனுப்ப வழி கிடையாது, வசந்தத்தில் கணவாய் திறந்ததும் பனி வெளிச்சத்தில் கண் இரண்டும் சிவந்து வீங்கி நடந்தே வந்து வாசலில் நின்றான், இவள் போய் அவனுக்கு வெந்நீர் வைத்தாள். எதுக்குடி சண்டை போட்டே என்று நான் கேட்டதற்கு, யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, “என்னமோ பட்டாணிக் கொடி விஷயம்னு நெனைக்கிறேன்” என்றாள். அவ்வளவு பெரிய மலை நடுவில் உட்கார்ந்திருந்தால் எந்தக் கோபம்தான் ஆறாது? இப்போது மலையின் வயிற்றில் ஓட்டை போட்டாயிற்று, கோபம் சூடாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடலாம். சாமிகள் இல்லாத நாளில் ஊர் எல்லைக்குள் நூல் அறுக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கத்தான் இருக்கிறது, அதைச் சொல்லித் தள்ளிப்போடலாம் என்று பார்த்தேன், என் ரோஷத்துக்கும் பங்கம் வராது, பெரியவர்களுக்கும் மரியாதை, சொல்லியும் பார்த்தேன், அண்ணன்தான் “எல்லைக்குள்ளதானே கூடாது? சுரங்கத்தைத் தாண்டிட்டா அது நம்ம எல்லையே இல்லையே, அங்க வெச்சுப்போம்” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். “அந்தப் பக்கத்துச் சாமிங்களும் இப்ப மேலதானே அண்ணே போயிருக்கும்?” “அது அவங்க பாடு.” பெரியவர்களும் அதானே என்று தலையை ஆட்டினார்கள், சட்டம் பேசுவதென்றால் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒருத்தருக்காவது, இத்தனை காலமும் அந்த வழக்கம் எதற்காக இருந்தது என்று தோன்றியதா? எனக்குத் தோன்றியது, தோன்றி என்ன, வாயைத் திறந்தால் பல்சோம் பயந்துவிட்டாள் என்பார்கள், சரி, போடுங்கண்ணே போனை என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றாராம். வேற ஒண்ணும் சொல்லலையா? “இல்லையே, சரின்னான், வெச்சுட்டான்.” சரியாம். எதற்குச் சரி, எப்படிச் சரி, சரியை எந்தக் குரலில் சொன்னார் என்று அண்ணனிடம் கேட்க முடியுமா, கேட்டால்தான் அவருக்குச் சொல்லத் தெரியுமா...

போலீஸ்காரர் கையை இறக்குகிறார். “அக்கா, கம்பியைப் பிடிச்சுக்குங்க” என்று டிரைவர் தண்டுப் கியரைப் போடுகிறார், பனி வெளிச்சம் பின்னால் போய், மஞ்சள் வெளிச்சம் வந்து மூடிக்கொள்கிறது, காது அடைக்கிறது. உச்சியில் ராட்சத விசிறிகள் தொங்குகின்றன, சுவரோரம் அவசரத்துக்குப் பேசுகிற தொலைபேசிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன, நானும் ஒன்றைத் திறந்து பேசினால் என்ன, ஐயா எனக்கு ஒரு அவசரம், வண்டியைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள் என்று... சிரிப்பு வருகிறது, அழுகையா அது, தெரியவில்லை, தொண்டையைச் செருமிக்கொள்கிறேன், அண்ணன் பார்லிப் பையைப் பின்னால் நீட்டுகிறார், வேண்டாம் என்று தள்ளுகிறேன். குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும், இந்தச் சுரங்கம் இல்லாவிட்டால் போன மாசியில் என் நாத்தனார் பிரசவத்தில் போய்ச் சேர்ந்திருப்பாள், சண்டிகரில் படிக்கிற பையன் லீவுக்கு வந்து மூஞ்சியைக் காட்டிவிட்டுப் போகிறான், பனிக்காலத்தில் தக்காளி தின்கிறோம், திறந்த அன்றைக்கு இதே வாசலில் எல்லாப் பெண்களோடும் கைகோத்து ஆடினவள்தான் நானும். ஆனாலும்... அதற்கு முந்தைய குளிர்காலங்கள், அவைதானே என் கல்யாணம்? கோடையில் யார் யாரைப் பார்த்தார்கள், அவர் உருளைக்கிழங்கு வயலில், நான் பட்டாணியில், ராத்திரி வந்து அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவோம். பனி விழுந்து பாதிக் கதவை மறைத்த பிறகுதான் அந்த மனுஷன் எனக்குக் கிடைப்பார். நடுக்கூடத்தில் இரும்பு அடுப்பு, அவர் கம்பளியைச் சிக்கெடுத்துத் தருவார், நான் நூற்பேன், பகடை போடுவோம், தோற்றவர் கூரையில் ஏறிப் பனி தள்ள வேண்டும், கள்ளாட்டம் ஆடுவார், கையும் களவுமாகப் பிடித்தால் நான் இல்லை பூனை என்பார், பூனையே இல்லாத வீட்டில். பாட்டு என்று ஒன்று பாடுவார், கதவிடுக்கில் வால் மாட்டிய நாய் தோற்றது, நான் எழுந்து போய் வாயைப் பொத்துவேன், பொத்தின கைக்குள்ளேயும் பாடுவார். அத்தனையும் வெளியே போக வழியில்லாமல் செய்ததா? ஜெயிலில் கிடக்கிறவன் வேறு ஆள் இல்லாமல் பக்கத்து அறைக்காரனோடு சிரித்துப் பேசுவானே, அப்படியா? எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றவில்லையே... ஒரே வீடு, ஒரே அடுப்பு, நான் அதற்குள் வாழ்ந்துகொண்டிருந்தேன், அவர் அடைந்து கிடந்திருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை, எவ்வளவு பெரிய முட்டாள் நான். வழி திறந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருகிறார், நின்றுகொண்டே சாப்பிடுகிறார், வாசலில் இன்ஜினைக்கூட அணைப்பதில்லை, அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா. பையனிடம் போனில் சொன்னேன், ‘உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையாம்மா, எனக்குப் பரீட்சை’ என்கிறான்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்கிறார் தண்டுப். சொல்லாதீங்க என்கிறேன். சொல்லவில்லை, ஆனால் அவர் வாய் சும்மா இருக்கிற வாயா, கொஞ்ச தூரம் போனதும் விசிறி இரைச்சலுக்கு மேலே, “நேத்து ஆங்ரூப் அண்ணனைப் பெட்ரோல் பங்க்குல பாத்தேன், ஆளே எளச்சுப் போயிட்டாரு” என்கிறார். “அவன் எளச்சா நமக்கென்ன, பெருத்தா நமக்கென்ன, நீ ரோட்டைப் பாத்து ஓட்டு” என்று அண்ணன் அடக்குகிறார். மூன்று நாளில் எப்படி இளைப்பார், புளுகு, தண்டுப் எப்போதும் இப்படித்தான், இரண்டு பக்கமும் நல்லவனாக இருக்கப் பார்ப்பார்... ஆனால் மாமன் வீட்டில் மூன்று வேளையும் அந்தக் கோதுமைக் கொழுக்கட்டைதான், புளித்த மாவு, அது அவர் வயிற்றுக்கு ஆகவே ஆகாது, மாமிக்கு அதைச் சொல்லத் தெரியுமா, இவராவது சொல்லியிருப்பாரா, சொல்லமாட்டார், பசித்த வயிற்றோடு எழுந்து போவார். எனக்கென்ன. போகட்டும். இன்னும் சற்று நேரத்தில் அவர் வயிறு யாரோ ஒருத்தருடைய வயிறு. மேலே, நம் தலைக்கு நேர் மேலே, கணவாய் இப்போதும் மூடித்தானே கிடக்கிறது, ஆள் உயரத்துக்குப் பனி, காற்று, ஈ காக்கை இல்லை, அங்கே இன்னும் பழைய குளிர்காலம்தான் நடந்துகொண்டிருக்கிறது, கீழே நாங்கள் மட்டும் எலி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் கொஞ்சம் நீளமாகக் குடைந்திருக்கக் கூடாதா இதை? எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது அந்தப் பக்கம், அதோ, வெள்ளையாக, காசு அளவுக்கு, தட்டு அளவுக்கு... என்ன சொல்வேன் பார்த்ததும்? ஒன்றும் சொல்ல வேண்டாம், விரலை நீட்டினால் போதும், வந்த வேலை அதுதானே.

வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்துகிறது. இந்தப் பக்கம் மரங்கள், ஈரக் காற்று, சுட்ட சோள வாசனை, வாடகைக் கோட்டுக் கடைகள். சாலை அகன்று வண்டிகள் நிற்கிற இடத்தில் அவர் நிற்கிறார், பக்கத்தில் நவாங் மாமா. இளைக்கத்தான் இளைத்திருக்கிறார். சவரம் செய்யவில்லை, குல்லாய் கோணலாக இருக்கிறது, யாராவது ஒருத்தர் அதைச் சரிசெய்யச் சொல்லக் கூடாதா. என்னைப் பார்க்கிறார், உடனே என் அண்ணனைப் பார்க்கிறார், “வாங்க மச்சான், டீ சாப்பிடறீங்களா?” “வேலை முடியட்டும்.” “இங்கேயேவா?” என்று நவாங் மாமா சங்கடப்படுகிறார், “அத்தனை பேர் பாக்கறாங்களேப்பா, தோட்டத்துக்குப் போயிடலாமே.” “பாத்தா பாக்கட்டும், நாங்க இருட்டறதுக்குள்ள திரும்பணும்.” கச்சையிலிருந்து நூலை எடுக்கிறேன், விரல் மரத்துக் கிடக்கிறது, குளிர்தான், கண்ணி விழமாட்டேன் என்கிறது, பல்லால் பிடித்துச் சுண்டுவிரலில் மாட்டுகிறேன், மறு நுனியை அண்ணன் வாங்கி அவர் விரலில் மாட்டுகிறார். கோட்டுக் கடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஏதோ சடங்கு என்று நினைத்துக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், “வேடிக்கை இல்லம்மா இது, போ, போ அந்தப் பக்கம்” என்று நவாங் மாமா விரட்டுகிறார். அந்தச் சத்தத்துக்கு நடுவில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “கையுறை எங்கடி?” என்கிறார் இவர். “வீட்ல.” “ம்.” இதுதான் பேச்சு. மூன்று நாளாக அவருக்குச் சொல்ல என்னென்ன வார்த்தைகளைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன், வந்தது இந்த ‘வீட்ல’ மட்டும்தான்.

“சரி, இழுங்க” என்கிறார் அண்ணன். இழுக்கிறேன். விளையாட்டுக்கு இல்லை, அந்த வார்த்தைக்காக, எல்லோர் முன்னாலும் எனக்கு ஆன அவமானத்துக்காக, நிஜமாகவே இழுக்கிறேன், நூல் விறைத்து விரலை அறுக்கிறது, இதோ போகப் போகிறது என்று கண்ணை மூடிக்கொள்கிறேன்... போகவில்லை, தொய்கிறது. கண்ணைத் திறந்தால் அவர் ஓர் எட்டு என் பக்கம் வந்து நிற்கிறார். “டேய், நின்ன எடத்துல நில்லுடா” என்கிறார் நவாங் மாமா. “வழுக்கிருச்சு மாமா.” “காலை ஊணி நில்லு. பல்சோம், மறுபடி.” மறுபடி இழுக்கிறேன், விறைக்கிறது, தொய்கிறது, இன்னும் ஓர் எட்டு. “வழுக்குது” என்கிறார், யார் முகத்தையும் பார்க்காமல். நான் கீழே பார்க்கிறேன். தார்ச் சாலை வெயிலில் காய்ந்து கிடக்கிறது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. போவதற்கு நாலு பக்கமும் வழி திறந்து கிடக்கிற இடம் இது, பின்னால் மணாலி, டெல்லி, உலகம் முழுக்க, எந்தப் பனியும் எந்தக் கதவையும் மூடவில்லை... “என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கறே, நல்லா பலமா இழு” என்று அண்ணன் அவசரப்படுத்துகிறார். நூல் என் விரலில்தான் இருக்கிறது, இன்னொரு தடவை இழுத்தால் அவர் என் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிடுவார், இழுக்கத்தான் போகிறேன், இழுக்காமல் என்ன, ஆனால் இந்தத் தடவை எதற்காக இழுக்கிறேன் என்று அண்ணன் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.